புயலுக்குப் பிறகு கடற்கரைச் சாலையில் சைக்கிள்: தொண்டி முதல் சாயல்குடி வரை

ராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் ஏற்றம் என்று இருப்பவை பாலங்கள் மட்டும்தான். மலை கிடையாது, பெயருக்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. அதனால் முதல் தடவையாக நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாராளமாக வரலாம். ஆனால் தரை சமமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி வரக்கூடாது. இங்கே காற்றுதான் மலை. எங்கே ஏறி முடிப்போம் என்று தெரியாத மலை.

அதோடு ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை மழையும் புயலும் அரித்த சாலை வேறு. மலைச்சாலையில் மண் சரிந்தால் பாறையும் மரமும் குறுக்கே கிடப்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். கடலோரச் சாலையில் சேதம் ஒளிந்திருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும், மணலுக்கு அடியில் இருக்கும். மேலே தார் முழுசாகத் தெரியும், கீழே மண் இருக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே சொல்லப்போகும் வழி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். விடியலில் கிளம்பினால் ஒரே பகலில் முடிக்கலாம். தனுஷ்கோடியைக் கடைசியில் தனியாக வைத்திருக்கிறேன். அது இன்னொரு நாளுக்கான பயணம், அதன் காற்றும் வேறு.

எந்த மாதம், எந்த நாள்

வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் டிசம்பர் கடைசி வரை இழுக்கும், சில வருஷம் பொங்கல் வரைக்கும் விடாது. பொங்கல் கழிந்து இரண்டு வாரம் விட்டுக் கிளம்புங்கள், மாசி முடிவதற்குள் முடித்துவிடுங்கள். அந்த நாட்களில் மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது, உடைந்த இடங்கள் காய்ந்து கண்ணுக்குத் தெரியும். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே தார் சுடும். இந்தச் சாலையில் நிழல் தருகிற மரம் குறைவு. பனை நிழலில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவுதான்.

அமாவாசை நாளைத் தவிர்த்துவிடுங்கள். தை அமாவாசைக்குத் தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் மூன்று இடத்துக்கும் வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டிவரும் டிரைவர்கள் அதிகம். சைக்கிள்காரருக்கு அன்று சாலையில் இடமே கிடையாது.

மழைக்காலத்திலேயே போயாக வேண்டும் என்றால் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்போடு பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாவது எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒன்றாம் எண் கூண்டு என்றால் புயல் தூரத்துக் கடலில் உருவாகிறது என்று அர்த்தம். மூன்றாம் எண் ஏறினால் திடீர்க் காற்றோடு மழை வரும். பயணத்தைத் தள்ளிப்போட அது போதும். புயல் வலுவிழந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு உடனே சைக்கிளை எடுக்க வேண்டாம். 2020 டிசம்பரில் புரெவி இந்தக் கரைக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. காற்று தணிந்தும் மழை தணியவில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அன்று புயல் என்று ஒன்று கரையைக் கடக்கவே இல்லை. சாலையை உடைப்பது பெரும்பாலும் காற்று இல்லை, தண்ணீர்தான். மழை நின்று குறைந்தது பத்து நாளாவது கண்மாய்கள் வழிந்துகொண்டேதான் இருக்கும்.

திசையைக் காற்றிடம் கேளுங்கள்

மழைக்காலத்திலும் அதை ஒட்டிய தை, மாசியிலும் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கரையில் வாடைக்காற்று என்பார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை சாலை தெற்கும் தென்மேற்குமாக இறங்குகிறது. அங்கிருந்து கீழக்கரைக்கும் அப்படியே. கீழக்கரை தாண்டியதும் மேற்கே திரும்பிச் சாயல்குடிக்குப் போகிறது. ஆக, வாடை அடிக்கும் மாதங்களில் தொண்டியில் தொடங்கினால் நாள் முழுக்கக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கச்சான் மாதங்களில் சாயல்குடியில் தொடங்குங்கள். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்தால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி.

தப்பான திசையில் போனால் என்ன ஆகும்? சமதரையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு, 20 கி.மீ. எதிர்க்காற்றில் வேகம் 12, 13க்கு இறங்கிவிடும். ஐந்து மணி நேரம் எட்டு மணி நேரமாகும், கொண்டுவந்த தண்ணீர் பாதி வழியில் தீரும். கைபேசியில் விண்டி மாதிரி ஒரு செயலியை வைத்துக்கொண்டு முந்தின ராத்திரி பாருங்கள். காற்று 15 கி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 25 வரைக்கும் முதுகுக் காற்றாக இருந்தால் போகலாம். 30ஐத் தாண்டி, இடையிடையே வீச்சும் காட்டினால் படுத்துத் தூங்குங்கள். காலையில் காற்று மெத்தனமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் எழும். எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டிய துண்டு ஏதாவது இருந்தால் அதைப் பத்து மணிக்குள் முடிக்கிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது. கியர் இருந்தால் ஒன்றோ இரண்டோ இறக்கி, கால் சுற்றுவது ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் வரிசையாகப் போய், ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராக முன்னால் வந்து காற்றை வாங்கலாம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் சக்கரத்தை ஒட்டிப் போகக்கூடாது, குறைந்தது ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். குழி வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும்.

சைக்கிளும் பையும்

வீட்டில் இருக்கிற கியர் இல்லாத சைக்கிளே போதும், நல்ல நிலையில் இருந்தால். புதிதாக வாங்குகிறவர்கள் 25 மி.மீ. மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளை இந்தச் சாலைக்கு வாங்க வேண்டாம். 32 மி.மீ.க்குக் குறையாத டயர் வேண்டும், 35 இருந்தால் இன்னும் நல்லது. காற்றைக் கல்லு மாதிரி ஏற்றாதீர்கள். 32 மி.மீ. டயருக்கு 60 பி.எஸ்.ஐ. சுற்றி இருந்தால் உடைந்த சாலையில் கை வலிக்காது, பிடிப்பும் இருக்கும்.

பையில் இரண்டு டியூப், ஒட்டும் சாமான், டயர் கழற்றும் லீவர், கைப்பம்ப், ஆலன் கீ. இதெல்லாம் எந்த ஊரிலும் சொல்கிற பட்டியல். இந்தக் கரைக்கென்று கூடுதலாக ஒன்று வேண்டும்: முள்வாங்கி. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். உங்கள் டியூப்பில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் என்றால் மாற்று டியூப்பைக் கையோடு கொண்டுபோங்கள். வழியில் இருக்கும் கடைகளில் சாதாரண டியூப்பும், கைராசியாக ஒட்டிக்கொடுக்கிற பெரியவர்களும் கிடைப்பார்கள். பிரெஸ்டா கிடைக்காது.

உடம்பைத் தயார் செய்ய ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீளமாக. ஞாயிறு தூரம் 20ல் தொடங்கி வாரம் பத்துப் பத்தாக ஏறட்டும். 70 கி.மீ.யை மிச்சத் தெம்போடு முடித்தால் முதுகுக் காற்றில் நூறு முடியும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு தேவிபட்டினம் போய்த் திரும்புவது நல்ல பயிற்சி. போக, வர 30 கி.மீ., அதில் ஒரு பாதி எப்படியும் எதிர்க்காற்று.

முந்தின நாள் விசாரிப்பு

கைபேசி வரைபடத்துக்குத் தரைப்பாலத்தில் தண்ணீர் போவது தெரியாது. ஆளிடம்தான் கேட்க வேண்டும், அதிலும் கேட்கிற முறை முக்கியம். "ரோடு நல்லா இருக்கா?" என்று கேட்டால் இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கும், போங்க" என்பார்கள். உங்கள் மனசு நோகக்கூடாது என்கிற நல்லெண்ணத்தில் வருகிற பதில் அது. சாலையின் நிலவரம் அதில் இருக்காது. பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள். திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் இப்படித்தான் பேச்சு போகும்:

"அண்ணே, காலைல மொத பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி, ஆனா லேட்டு. தரைப்பாலத்துல தண்ணி. ஊருக்குள்ள சுத்தித்தான் வந்தாக."

"தண்ணி எம்புட்டு?"

"கரண்டைக்கால்தான். நேத்து முழங்கால் நின்னுச்சு. வடியுது. ஆனா ஓரத்துல போகாதீக, அந்தப் பக்கம் தார் பேந்துருச்சு."

ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தண்ணீரின் ஆழம், ஏறுகிறதா வடிகிறதா, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, மாற்று வழி எது என்று நான்கும் கிடைத்துவிட்டது. பால் வண்டிக்காரர், பேப்பர் போடுகிறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் இவர்களிடமும் கேட்கலாம். தினமும் அதே சாலையில் போகிறவர்களின் சொல்லுக்குத்தான் மதிப்பு. மழைக்காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் கூப்பிட்டுக் கேட்கலாம். 108 எல்லோருக்கும் தெரியும்.

உடைந்த சாலையில் ஓட்டுவது

முதலில் சாலையோரம். மழைத்தண்ணீர் ஓடி இறங்கும் இடங்களில் தாருக்கு அடியிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். தார் விளிம்பு அப்படியே அந்தரத்தில் தொங்கும். ஒரு ஆள் எடையோடு சைக்கிள் ஏறினால் உடைந்து உள்ளே போகும். ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே ஓட்டுங்கள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலும் ஓரத்துக்குப் பாயாதீர்கள். கையைக் காட்டி, வேகத்தைக் குறைத்து, நல்ல தரை தெரிகிற இடத்தில் ஒதுங்குங்கள். நம் டிரைவர்கள் கை காட்டினால் பொறுத்துக்கொள்வார்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் ஒரே விதி: தார் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஏறி ஓட்டக்கூடாது. இறங்கி நின்று, வேறொரு வண்டி போவதைப் பாருங்கள். அதன் சக்கரம் எங்கே தாழ்கிறது என்று தெரியும். தண்ணீர் கரண்டைக்கால் அளவு, ஓட்டமும் மெதுவு என்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். முழங்காலைத் தொடுகிற ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. சைக்கிளை முதலில் இழுக்கும், அதை விடமாட்டேன் என்று பிடித்திருக்கும் உங்களையும் சேர்த்து இழுக்கும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். அந்த மாதிரிப் பெரிய கண்மாய்கள் நிரம்பினால் உபரி எல்லாம் இந்தச் சாலையைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். மழை நின்ற பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதன் காரணம் அதுதான்.

தண்ணீர் வடிந்த தரைப்பாலம் இன்னும் மோசம். வாரக்கணக்கில் தண்ணீர் நின்ற சிமெண்டில் பாசி பிடித்திருக்கும், காய்ந்த மாதிரி தெரியும், காய்ந்திருக்காது. அதன் மேல் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது, எழுந்து நின்று மிதிக்கவும் கூடாது. வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டில் உருளவிட்டுக் கடந்துவிடுங்கள். மீன் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போகிற வளைவுகளிலும் இதே கவனம் வேண்டும்.

அவசரத்துக்குக் குழியில் கொட்டிய ஜல்லியும் கிராவலும் வண்டிகள் ஏறி ஏறிச் சாலை முழுக்கப் பரவிக்கிடக்கும். சாயல்குடி நெருங்க நெருங்கக் கரிசல் மண் வரும். ஈரக் கரிசல் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மிதித்துப் பார்த்துச் செயினை அறுக்காதீர்கள். இறங்கி, ஒரு குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, சாலையின் நடுப்பகுதிக்கு வாருங்கள். அறுவடைக் காலம் என்பதால் வைக்கோலும் சாலையில் கிடக்கும். அது பின் சக்கரப் பல்லில் சுற்றிக்கொள்ளும். மாசியில் மிளகாய் காயப்போடத் தொடங்கிவிடுவார்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் அது. ஒரு குடும்பத்தின் வருஷத்து வருமானம் அந்தத் தாரில் காய்கிறது. அதன் மேல் சக்கரம் ஏறக்கூடாது, சுற்றிப் போங்கள்.

புயல் முடிந்த சில நாட்களுக்குள் போகிறவர்கள் மின்கம்பிகளையும் பார்க்க வேண்டும். கம்பி அறுந்து தரையில் கிடந்தாலோ தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தாலோ அந்த இடத்தைக் கடக்க முயல வேண்டாம். கரண்ட் இருக்காது என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும் கேட்காதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

முள்

இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் காற்றுக்கு அடுத்த எதிரி சீமைக் கருவேலம். சாலையின் இரண்டு பக்கமும் அதுதான். புயல் காற்றில் கிளை முறிந்து தாரில் விழும், வண்டிகள் ஏறி நசுக்கும், கட்டையைப் பொறுக்கி எடுத்துப் போய்விடுவார்கள், முள் மட்டும் அங்கேயே கிடக்கும். கரி மூட்டம் போட மரம் ஏற்றிப்போகிற டிராக்டர்களும் வழிநெடுகச் சிந்திக்கொண்டு போகும். தாரின் நிறமும் காய்ந்த முள்ளின் நிறமும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணால் பார்த்துத் தப்பிக்க முடியாது. கிளையும் இலையும் சிதறிய இடம் தெரிந்தால் அதைத் தாண்டியதும் நின்று, இரண்டு டயரையும் ஒரு சுற்று கையால் தடவிப் பார்ப்பதுதான் வழி.

பஞ்சர் ஆனால் டியூப்பை மாற்றிவிட்டு ஓட்டக் கிளம்பாதீர்கள். கருவேல முள் டயருக்குள் போய் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது. புது டியூப் ஏறி, காற்று நிரம்பி, ஐந்து கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி குத்தும். அதனால் டயரைக் கழற்றியதும் உள்பக்கம் முழுக்க விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். விரலுக்குத் தெரியவில்லை என்றால் கொஞ்சம் பஞ்சையோ நூல் பிரிந்த துணியையோ வைத்துத் தடவுங்கள். நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கிறது. அந்த இடத்தில் டயரை வெளிப்பக்கமாக வளைத்தால் நுனி எட்டிப்பார்க்கும். இப்போது முள்வாங்கியை எடுத்து, முனையைப் பிடித்து நேராக இழுங்கள். ஆட்டி இழுத்தால் மறுபடி ஒடியும். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாமல் மிச்சச் சுற்றையும் பாருங்கள். ஒரு முள் இருக்கிற டயரில் இன்னொன்று இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். டியூப்புக்கும் டயருக்கும் நடுவில் போடுகிற லைனர் பட்டை விற்கிறார்கள். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

வழி

முந்தின நாளே தொண்டிக்கு வந்து தங்கிவிடுங்கள். சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வரலாம். தை மாதம் சூரியன் உதிக்க ஆறரை ஆகும். முன்விளக்கு, பின்விளக்கு போட்டுக்கொண்டு ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருவார்கள். நிலத்தடி நீர் உப்பு என்பதால் நல்ல தண்ணீர் வருகிற குழாய்க்கு நடக்க வேண்டியிருக்கிறது. நிறைந்த வண்டியைச் சட்டென்று திருப்ப முடியாது. வழிவிட வேண்டியது நாம்தான். அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்தால், வீட்டு வாசலில் கேட்டு பாட்டில் நிரப்புவதை விட்டுவிட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் 35 கி.மீ. இருக்கும். உப்பூர், திருப்பாலைக்குடி வழியில் வரும். இடது கைப் பக்கம் பாக் நீரிணை, கரைக்காரர்கள் பெண்கடல் என்பார்கள். உப்பளங்கள் வருகிற இடங்களில் சாலை திறந்த வெளியில் போகும், காற்றின் முழு வீச்சும் தெரியும். தேவிபட்டினத்தில் எட்டரை, ஒன்பதுக்கு இட்லி சாப்பிடுங்கள். வயிறு முட்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ போதும். குளிர்ந்த வேளையில் தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால். அதில் ஒரு பாட்டில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்ததாக இருக்கட்டும்.

ராமநாதபுரம் ஊருக்குள் சைக்கிள் கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் கழிப்பறை எல்லாம் உண்டு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள். இதுவரை 50 கி.மீ. முடிந்திருக்கும். முழங்கால் வலி, தலைசுற்றல் எது இருந்தாலும் இங்கேயே நிறுத்தலாம், பஸ்ஸும் ரயிலும் இருக்கிற ஊர். அடுத்த பாதியில் அந்த வசதி குறைவு.

திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை பதினேழு பதினெட்டு கி.மீ. கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு, ஒரு துண்டு பத்து கிலோமீட்டருக்குத் தாங்கும். கரைக்காரர்கள் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா இங்கே தொடங்கிக் கூடவே வரும். ஏர்வாடி இன்னும் பத்து. இரண்டு பாட்டிலையும் ஏர்வாடியில் நிரப்பியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு சாயல்குடி வரை 30 கி.மீ., கடைகள் தூரம் தூரமாகத்தான் வரும், வெயிலும் உச்சியில் நிற்கும். ஏர்வாடியை அடையும்போது மணி ஒன்று தாண்டிவிட்டால் அங்கேயே ஓய்ந்து, மூன்றுக்கு மேல் கிளம்புங்கள். மூன்றரைக்கும் கிளம்ப முடியவில்லை என்றால் பயணத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். இருட்டில் இந்தத் துண்டை ஓட்டக்கூடாது. மாடும் ஆடும் கருப்புத் தாரில் படுத்திருக்கும், அரித்த ஓரம் தெரியாது, வெள்ளை அழிந்த வேகத்தடையும் தெரியாது.

தனுஷ்கோடி போகிறவர்களுக்கு

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனை சுமார் 80 கி.மீ. சாலை தென்கிழக்காகப் போவதால் வாடையும் கச்சானும் இங்கே பக்கவாட்டில் அடிக்கும். முதுகுக் காற்று கிடைக்கும் என்று திட்டமிட வழியில்லை. 1988ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கி.மீ. நீளம், நடுவில் எந்த மறைப்பும் இல்லை. பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவிடும்படி சிக்னல் வைத்திருந்தார்கள். சைக்கிளுக்கு 30 கி.மீ. வீச்சே அதிகம். அப்படி அடித்தால் கடல் பக்கச் சுவரை ஒட்டித் தள்ளிக்கொண்டு நடங்கள். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் மெல்லிய டயர் சிக்கும், செங்கோணத்தில் கடக்க வேண்டும். படம் எடுக்க நிறுத்தும் கார்களின் கதவு எந்த நேரமும் திறக்கும். ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி 5 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை 4.5 கி.மீ. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊரே அழிந்த பிறகு, 2017ல்தான் இந்தச் சாலை திறந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு கோடு மாதிரி தார். கடல் பொங்கும் நாட்களில் அலை தடுப்புக் கற்களைத் தாண்டி மணலையும் கல்லையும் சாலையில் வீசும். காற்று தினமும் மணலைக் கொண்டுவந்து விரிக்கும். மணல் திட்டு வந்தால் கியரை இறக்கி, உடம்பைச் சீட்டில் பின்னால் தள்ளி, ஹேண்டிலை லேசாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். முன் பிரேக்கைத் தொடக்கூடாது. திட்டு நாலு விரல் ஆழத்துக்கு மேல் இருந்தால் இறங்கிவிடுவதுதான் சரி. சாவடியில் போலீஸ் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் திரும்புங்கள். அவர்கள் அன்று காலையில் அந்தச் சாலையைப் பார்த்தவர்கள்.

கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை வழியாக வந்த பழைய 49ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் கடைசி ஊர் தனுஷ்கோடிதான். பிறகு ஒரு நாள் அந்த மலைப் பகுதிக்கும் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு இந்தக் கரையின் எதிர்க்காற்று நல்ல பயிற்சி. சீராக, மூச்சு வாங்காமல், மணிக்கணக்கில் மிதிக்கிற பழக்கம் இங்கே வந்துவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற பழக்கம் மட்டும் வராது, அதை மலையில்தான் பழக வேண்டும்.

திரும்பி வந்ததும்

அன்றைக்கே சைக்கிளைக் கழுவுங்கள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு ஒரே ராத்திரியில் செயினிலும் போக்ஸ் கம்பியின் தலையிலும் துருவைக் கொண்டுவந்துவிடும். நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். குழாயைப் பீய்ச்சினால் மணல் பேரிங்குக்குள் போகும். பிரேக் கட்டையைத் திருப்பிப் பார்த்து, அதில் பதிந்திருக்கும் மணலை ஊசியால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரிம்மை அரம் போட்ட மாதிரி தேய்க்கும். டயரை இன்னொரு தடவை தடவி, மிச்ச முள்ளைப் பிடுங்குங்கள். செயினைத் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, வெளியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கிற செயினில் அடுத்த தடவை மணல் வந்து ஒட்டும்.